போக்ராவுக்குப் போன அண்டாக்கள்

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறேன் என்று சொன்னால் திருச்சியில் எல்லோரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் தூத்துக்குடிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். லாரியில் அனுப்புகிறேன் என்றால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன், நேபாளம் வெளிநாடு இல்லையா? அங்கே கடல் எங்கே இருக்கிறது, கப்பலைக் கொண்டுபோய் நிறுத்த? பாலக்கரையில் சகாயமாதா கோயிலுக்குப் பின்தெருவில் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு போன், அப்புறம் லூர்துராணியாகிய நான். இவ்வளவுதான் என் கம்பெனி. லாரி பிடிப்பது, இன்சூரன்ஸ் போடுவது, காகிதங்களைத் தயார் செய்வது, எல்லையில் கஸ்டம்ஸ் முடித்துச் சரக்கை அந்தப் பக்கம் சேர்ப்பது எல்லாம் என் தலையில்தான்.

என் தொழிலுக்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. காகிதத்தில் இருப்பதுதான் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பதுதான் காகிதத்தில் இருக்க வேண்டும். இதை நான் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வேன். சுபலட்சுமியிடமும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, அவள் காது புளிக்கும் வரைக்கும் சொன்னேன்.

சுபலட்சுமி ஸ்ரீரங்கத்துக்காரி. திருவானைக்கோவில் தாண்டி ஒரு பட்டறை வைத்திருக்கிறாள். கல்யாண மண்டபங்களுக்கும் அன்னதானக் கூடங்களுக்கும் நீராவியில் சமைக்கிற பாத்திரங்கள் செய்கிற பட்டறை. அவள் புகுந்த வீட்டுக்குப் பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை இருக்கிறது. வாங்கி விற்பதை விட்டுவிட்டு நாமே செய்வோமே என்று இவள் வெல்டிங் மெஷினை இறக்கியபோது, புருஷனின் அண்ணன் குதி குதியென்று குதித்தாராம். இந்த வருஷம் அவர் ஒரு முடிவோடு இருந்தார். பட்டறை இருக்கிற இடத்தைக் காலி செய்து கோயிலுக்கு வருகிற வேன்களை நிறுத்த வாடகைக்கு விடலாம், மாதாமாதம் கையில் காசு, தலைவலி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நேபாள ஆர்டர் வந்தது. ஸ்ரீரங்கத்து ஜனங்களுக்கு முக்திநாத் போய்ப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. வருஷா வருஷம் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். போகிற வழியில் போக்ராவில் தங்குவார்கள். தங்கிய இடத்தில் இட்லி இல்லை, தயிர்சாதம் இல்லை என்று புலம்புவார்கள். சுபலட்சுமியும் அப்படிப் போனவள்தான், ஆனால் அவள் புலம்பவில்லை. லாட்ஜ் நடத்துகிற அம்மாளிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசி, தன் பட்டறைப் படங்களை போனில் காட்டி, ஒரு நீராவிச் சமையலறைக்கே ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சின்ன பாய்லர், இட்லி வேகிற பெட்டி, அண்டாக்கள், குண்டான்கள், வாளிகள் என்று மொத்தம் நாற்பது பாத்திரம். லாட்ஜ் அம்மாள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். புதுச் சாப்பாட்டுக் கூடம் திங்கட்கிழமை திறக்கிறது, அன்றைக்குள் வந்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

கடைவீதி மைத்துனரும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். இந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் பட்டறை இருக்கட்டும், ஊற்றிக்கொண்டால் வேன் நிறுத்தம். சுபலட்சுமி என் ஆபீசில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கைக்குட்டையைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மைத்துனர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பார்த்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

லாரிக்கு மருதையண்ணனைப் பிடித்தேன். லால்குடிக்காரர். அரை ஏக்கர் நெல் வயலும் இருக்கிறது, வடக்கே லாரி ஓட்டிப் பழக்கமும் இருக்கிறது. சரக்கு கட்டுகிற அன்று நானே பட்டறைக்குப் போனேன். ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்குரூ கிடந்தால்கூட எடுத்தேன். காகிதத்தோடு சரிபார்த்து, திருப்தியாகி, பெட்டிகளை ஆணி அடித்து மூடச் சொல்லிவிட்டு, கம்பெனிக்கு வந்துவிட்டேன்.

ஆணி அடிக்கும்வரை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

நாகப்பூர், ஜபல்பூர், காசி, கோரக்பூர் என்று ஓடி, வெள்ளிக்கிழமை காலையில் லாரி சுனௌலி எல்லையில் நின்றது. இந்தப் பக்கம் நம் கஸ்டம்ஸ், கேட்டைத் தாண்டினால் நேபாள கஸ்டம்ஸ். அங்கே எனக்கு ஏஜென்ட் திவாரி. பத்து வருஷப் பழக்கம், வாயில் எப்போதும் வெற்றிலை. காலையில் அவர் போன் வந்தபோது கடுதாசி எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார். அதிலேயே ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நம் பக்கத்து கஸ்டம்ஸ் அதிகாரி வழக்கம்போல் ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அண்டாவுக்குள் அரிசி. பச்சரிசி, கொஞ்சம் பாசிப்பருப்பு, ஒரு துண்டு வெல்லம். இன்னொன்றைத் திறக்கச் சொன்னார். அதிலும் அதே. மூன்றாவதிலும் அதே. காகிதத்தில் பாத்திரம் என்றுதானே இருக்கிறது, தானியம் எங்கிருந்து வந்தது, தானியம் எல்லை தாண்ட வேண்டுமானால் பூச்சி நோய் இல்லை என்கிற சான்றிதழ் எங்கே என்று கேட்கிறாராம்.

நான் சுபலட்சுமியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கீழே பேக்கரிக்காரர் படியேறி வந்து என்ன ஏது என்று பார்த்துவிட்டுப் போனார், அப்படிக் கத்தினேன்.

சுபலட்சுமிக்கு முதலில் தப்பு என்னவென்றே விளங்கவில்லை. நான் கிளம்பின பிறகு, பட்டறையில் பாத்திரம் துடைக்கிற ராசாத்தி கேட்டிருக்கிறாள், ஏம்மா, இத்தனை புதுப் பாத்திரத்தையும் வெறுமையாகவா அனுப்பப்போகிறோம் என்று. சுபலட்சுமிக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அதுதானே. வெறும் பாத்திரத்தை யாராவது அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்களா? குழம்பு வாங்கின கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால்கூட ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுக்கிறோம். முதல் முதலில் தேசம் விட்டு தேசம் போகிற பாத்திரம், மங்கலமாகப் போக வேண்டாமா என்று நாற்பது பாத்திரத்திலும் ஒவ்வொரு கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறாள். ராசாத்திக்குக் கை கொஞ்சம் பெரிய கை.

"அது சரக்கு இல்லையே அக்கா, அது சும்மா போட்டதுதானே" என்றாள்.

என் வீட்டிலும் அதே பழக்கம்தான். பக்கத்து வீட்டு லிசி கேக் கொடுத்த டப்பா என் வீட்டிலிருந்து என்றைக்காவது காலியாகப் போயிருக்கிறதா? நானே அந்த இடத்தில் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. திட்டவும் முடியாமல் விடவும் முடியாமல், கிளம்பி ஆபீசுக்கு வா என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நிலைமை இதுதான். மறுநாள் சனிக்கிழமை, நேபாளத்தில் விடுமுறை. அதற்கு மறுநாள் ஞாயிறு, நம் பக்கம் விடுமுறை. திங்கட்கிழமை போக்ராவில் திறப்பு. சுனௌலியிலிருந்து போக்ராவுக்கு மலைப்பாதை, ஏறி இறங்க ஒரு நாள் முழுசாக வேண்டும். ஆக, அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு கஸ்டம்சும் முடிந்து லாரி கேட்டைத் தாண்டினால் பட்டறை. தாண்டாவிட்டால் வேன் நிறுத்தம்.

அதிகாரியைக் குற்றம் சொல்ல முடியாது. நல்ல மனுஷன். லாரியைத் திருப்பி அனுப்பாமல் ஒரு வழி சொன்னார். எல்லாப் பெட்டியையும் பிரித்து, அத்தனை பாத்திரத்தையும் சுத்தமாகக் காலி செய்து காட்டினால், மறுபடி பார்த்துவிட்டு விடுகிறேன் என்றார். எடுத்த தானியத்தை இந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார். ஆனால் கஸ்டம்ஸ் யார்டில் அன்று இருந்தது இரண்டே இரண்டு கூலியாள். அத்தனை பெட்டியைப் பிரித்து, பாத்திரத்தைத் துடைத்து, மறுபடி சுற்றி ஆணி அடிக்க நாளைக்குச் சாயங்காலம் ஆகும் என்று அவர்கள் தலையைச் சொறிந்தார்களாம்.

மருதையண்ணனைப் பிடித்தேன். "அண்ணே, யாருக்கும் காத்திருக்காதீங்க. நீங்களே ஆரம்பிங்க. திறந்து திறந்து எல்லாத்தையும் கீழ கொட்டுங்க."

  

"அரிசியக் கீழ கொட்டச் சொல்றீங்களாம்மா?" என்றார். "நான் கொட்ட மாட்டேங்க. வேற என்ன வேணா சொல்லுங்க, செய்யறேன்."

காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம் எல்லாம் அப்போது வெடித்துவிட்டது. சுபலட்சுமி வேறு சரியாக அந்த நேரத்தில் படியேறி உள்ளே வருகிறாள். ஆளுக்கு ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறீர்களே, ஒருத்தி போடாமல் அனுப்ப மாட்டாள், ஒருத்தர் போட்டதைக் கொட்ட மாட்டார், நடுவில் நான் ஒருத்தி கிடந்து சாகிறேனே என்று ஆரம்பித்து, "கொட்ட முடியலன்னா பொங்கித் தின்னுங்க!" என்று கத்தினேன்.

"அதுவும் சரிதாங்க" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பத்து தடவை கூப்பிட்டிருப்பேன். சுபலட்சுமி எதிர் நாற்காலியில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கீழேயிருந்து டீ வரவழைத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைவீதி மைத்துனர் காலையிலேயே ஒரு ஆளைக் கூட்டிவந்து பட்டறையை அளந்து பார்த்தாராம். எத்தனை வேன் நிற்கும் என்று.

மதியம் திவாரியின் வீடியோ கால் வந்தது. யார்டில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் செங்கல் அடுப்பு. அடுப்பின் மேல் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மருதையண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, நம்ம அண்டாவுலயா வெச்சிருக்கீங்க? புதுச் சரக்குன்னு எழுதியிருக்கேனே!"

இல்லையாம். பக்கத்து தாபாவில் இரவல் வாங்கிய தேக்சாவாம். நெய்யும் அவர்களே கொடுத்தார்களாம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு பெட்டியிலிருந்து எடுத்த அரிசியும் பருப்பும் வெல்லமும் முதலில் அடுப்பேறியிருந்தன. எடுக்க எடுக்கச் சேர்த்துக்கொண்டே போவதாகத் திட்டம். வரிசையில் மாட்டிக்கொண்டு நின்ற நாமக்கல் லாரிக்காரர்கள் இரண்டு பேருக்கு வெல்லம் உருகுகிற வாசனை மூக்கில் ஏறியிருக்கிறது. வாரக்கணக்கில் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகத் தின்று நாக்கு செத்துப்போயிருந்தவர்கள். சர்க்கரைப் பொங்கல் என்று தெரிந்ததும், மிச்ச அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். மருதையண்ணன் லாரியைக் காட்டினார். அவ்வளவுதான், கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

அவர்களைப் பார்த்து ஆந்திர லாரிக்காரர்கள் ஏறினார்கள். அப்புறம் அந்த இரண்டு கூலியாள்கள், அவர்களுடைய மச்சான்கள், எதிர்க்கடை டீ மாஸ்டர், ஒரு சர்தார்ஜி. ஒருத்தர் பெட்டியைப் பிரிக்க, ஒருத்தர் அரிசியைத் துணியில் வாங்க, ஒருத்தர் பாத்திரத்தைத் துடைத்துத் துடைத்து அடுக்க, அதிகாரியின் ஆள் எண்ணிக்கொண்டே வந்தார். திவாரி போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவரும் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ கஸ்டம்ஸ் சோதனை பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே நடந்த சோதனை அது ஒன்றுதான்.

சுபலட்சுமி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். அரிசி போதுமா, பருப்பு குழைந்துவிட்டதா என்று அவளை அறியாமல் கேட்க ஆரம்பித்தாள். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். உடனே வாயை மூடிக்கொண்டாள், பிறகு மறுபடியும் கேட்டாள், ஏலக்காய் கிடைத்ததா என்று.

பாதாம் இலையிலும் பேப்பர் தட்டிலுமாக ஐம்பது பேராவது சாப்பிட்டிருப்பார்கள். அதிகாரி சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் மறு சோதனைக்கு அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்று திவாரி சொன்னார். நாற்பது பாத்திரமும் கண்ணாடி மாதிரி காலியாக இருந்தது. முத்திரை விழுந்தது. மறுபடி பெட்டி கட்டி ஆணி அடித்தார்கள்.

போனில் அந்த ஆணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டபோதுதான் சுபலட்சுமிக்குக் கண் கலங்கியது. "வெறுமையா போகுதே அக்கா" என்றாள்.

"வெறுமை எங்கடி? அம்பது பேரு வயிறு நெறஞ்சு வாழ்த்தி அனுப்பறாங்க. இதைவிட யாரு அனுப்புவா?"

நான் அவளை ஆறுதல்படுத்தச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து நேபாளத்து கஸ்டம்ஸ். அங்கே ஒரு கேள்வியும் வரவில்லை. நேபாளத்துக்காரர்கள் கடையைக் கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் லாரி கேட்டைத் தாண்டியது. நான் மேஜையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

திங்கட்கிழமை காலையில் சுபலட்சுமி தனக்கு வந்த ஒரு படத்தை எனக்குப் போனில் அனுப்பினாள். போக்ரா லாட்ஜில் பாய்லர் சூடேறி, இட்லிப் பெட்டியைத் திறந்தபோது எடுத்த படம். ஆவியில் ஒன்றும் தெரியவில்லை, ஓரத்தில் மருதையண்ணனின் பல் மட்டும் தெரிந்தது. அன்று மாலை நான் வேலையாகப் பெரிய கடைவீதி போனபோது, அந்த மைத்துனர் கடை வாசலில் நின்று எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எங்க வீட்டுப் பொண்ணு எக்ஸ்போர்ட் பண்ணுது, நான் அப்பவே சொன்னேன் என்று எனக்கும் ஒன்று நீட்டினார். இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே லாட்ஜ் அம்மாளிடமிருந்து அடுத்த ஆர்டர். முக்திநாத் போகிற வழியில் அவளுக்கு இன்னும் இரண்டு லாட்ஜ் இருக்கிறதாம், இரண்டுக்கும் சமையலறை வேண்டுமாம். சுபலட்சுமி ஓடி வந்தாள். வந்தவள் நேராக விஷயத்துக்கு வராமல் என் மேஜையில் இருந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னடி என்று அதட்டினேன். லாட்ஜ் அம்மாள் ஒரு குறை சொல்லியிருக்கிறாளாம். மருதையண்ணன் கையாலும் காலாலும் ஜாடை காட்டி நடந்த கதை முழுவதையும் அவளிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. என் பாத்திரத்தில் எனக்காகப் போட்ட அரிசியை எல்லையில் இருக்கிறவனெல்லாம் சாப்பிட்டிருக்கிறான், எனக்கு ஒன்றும் இல்லையா, இந்தத் தடவை காலிப் பாத்திரம் வந்தால் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் கஸ்டமர் கேட்டால் காகிதம் தயார் செய்வதுதானே என் தொழில். மறுநாளே ஏர்போர்ட் பக்கம் இருக்கிற ஆபீசுக்குப் போனேன், பயிர்ச் சரக்குக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸ். அதிகாரி கண்ணாடி போட்டுக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார். என்ன சரக்கு என்றார். பச்சரிசி என்றேன். எத்தனை டன் என்றார்.

"கைப்பிடி சார்" என்றேன். "பாத்திரத்துக்கு ஒரு கைப்பிடி. எம்பது பாத்திரம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று நானும் தயாரானேன், நான் என்ன சும்மா வாங்கிக்கொண்டு வருகிற ஆளா? ஆனால் அவர் ஏன் என்றுதான் கேட்டார். வெறும் பாத்திரம் அனுப்பக் கூடாது சார் என்றேன். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு விண்ணப்பத்தை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"அரிசி மட்டும் எழுதியிருக்கீங்களேம்மா. பருப்பு இல்லாம அவங்க எப்படிப் பொங்கல் வைப்பாங்க? அதையும் சேர்த்து எழுதுங்க."